தும்பாங் என்று சொல்லிவிட்டேன்

எங்கள் ஊர்த் தமிழில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் கழியாது. மழை வந்தால் பக்கத்தில் போகிறவர் குடையில் தும்பாங். வேலை முடிந்து தெரிந்தவர் காரில் ஏறினால் தும்பாங். சாப்பாட்டுக் கடையில் நாற்காலி கிடைக்காமல் முன்பின் தெரியாதவர் மேசையில் உட்கார்ந்தால் அதுவும் தும்பாங். மலாய் மொழியிலிருந்து வந்து எங்களிடம் தங்கிவிட்ட சொல் அது. ஒட்டிக்கொள்கிறேன், ஒண்டிக்கொள்கிறேன், உங்களுக்குத் தொந்தரவு இல்லாமல் ஓரமாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று பணிவாகச் சொல்வதற்கு அதைவிட நல்ல சொல் இல்லை. அந்தப் பணிவுதான் எனக்கு வினையாக வந்தது.

நான் பணிவானவள் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சும்மா உட்காரவும் தெரியாது. காத்திருக்கச் சொன்னால் எழுந்து நடப்பேன், நடக்க இடமில்லாவிட்டால் காலையாவது ஆட்டிக்கொண்டிருப்பேன். என் மகள் இதைப் பார்த்து, "அம்மாவுக்கு உள்ளுக்குள்ள ஒரு மோட்டார் ஓடுது" என்பாள். அந்த ஒரு வருடம் முழுக்க அந்த மோட்டார் நிற்கவேயில்லை.

நாங்கள் இருந்தது தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடியில். சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்களாக எழும்பிவிட்டன. எங்கள் கட்டடத்துக்கு மத்தியானத்துக்குப் பிறகு வெயிலே கிடையாது. மேல்மாடி வீடு அக்காவுடையது. அதன் பின்னறை எனக்கும் மகளுக்கும். அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. எழுபதை நெருங்கும் கத்தோலிக்க அம்மையார். அவர் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபோது வாங்கிய வீடு அது. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மகன்கள் இருவரும் வெளிநாட்டில். அவர் வயதுக்கு நான் ஆன்டி என்றுதான் கூப்பிட வேண்டும். வந்த முதல் நாள் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் முகம் சுருங்கியது. அக்கா என்று கூப்பிட்டால் போதும் என்றார். வீட்டுக்காரி அக்கா என்று கூப்பிடச் சொன்னால் யாருக்குக் கசக்கும்?

மாதம் பிறந்தால் பணத்தை ஓர் உறையில் போட்டு, "இந்தாங்கக்கா" என்று சமையலறை மேசையில் வைப்பேன். அவர் அதைப் பார்க்காதவர்போல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். நான் அந்தப் பக்கம் போனதும் உறை காணாமல் போய்விடும். வாடகை என்ற சொல்லை அவரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. கேட்டால் 'வீட்டுச் செலவுக்கு' என்பார். கணவர் கட்டிக் காத்த வீட்டில் அறையை வாடகைக்கு விடும் நிலைக்கு வந்துவிட்டோமே என்ற கூச்சம் அவருக்கு. மாதா கோவிலில் அவருக்குத் தெரிந்தவர்களிடம், தங்கச்சி முறை ஒருத்தி துணைக்கு வந்து இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தார். நான் இந்து, அவர் கத்தோலிக்கர், எந்த வழியில் தங்கச்சி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் ஏதாவது ஒரு வழியைக் கண்டுபிடித்திருப்பார்.

பின்னறையில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. ஒரு கதவு எங்களுக்கு, இன்னொரு கதவு எப்போதும் பூட்டியிருக்கும். சாவி அக்காவிடம். அந்தப் பக்கத்தையும் காலி செய்து தந்தால் மகளின் புத்தகங்களை வைத்துக்கொள்வேன் என்று ஒரு தடவை கேட்டேன். "அது என் சொந்தத் தங்கச்சி சாமான். கிள்ளான்ல இருக்கா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றுமே இல்லாதபோதும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் வேலை பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கேண்டீனில். காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டுவது, மத்தியானம் சோறு பரிமாறுவது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியதும் சாப்பிட ஆளில்லை. கேண்டீன் முதலாளி வருத்தமாகத்தான் சொன்னார், இனி பாதி நாள்தான் வேலை தர முடியும் என்று. வருத்தம் அவருக்கு, பாதிச் சம்பளம் எனக்கு. மேசையில் வைக்கும் உறை அந்த மாதமே மெலிந்தது. அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போல் வெங்காயம் நறுக்கினார். எனக்குத்தான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

என்ன பயம் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் இறந்த பிறகு நகரத்துக்கு வெளியே ரவாங்கில் அண்ணன் வீட்டில் இருந்தோம். அண்ணன் நல்லவர். அண்ணியும் கெட்டவர் இல்லை. ஆனால் குளிர்ப்பெட்டியில் எங்களுக்கு என்று ஒரு தட்டு, அதுவும் கடைசித் தட்டு. மின்விசிறியைப் போட்டால் பத்து நிமிடத்தில் அண்ணி வந்து, யாருமில்லாத அறையில் ஓடுகிறதா என்று பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்தால் மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது கரண்டி எடுப்பாள். அந்தப் பார்வைக்காகவே அங்கிருந்து கிளம்பி வந்தேன். இப்போது மகள் ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வகுப்பு. பரீட்சை வருடம், பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். வாடகை கொடுக்க முடியாவிட்டால் மறுபடி ரவாங்தான். அக்கா சும்மா இருக்கச் சொன்னாலும் நான் இருக்க மாட்டேன். காசு கொடுக்காமல் இன்னொருவர் வீட்டில் இருப்பதற்கு என்ன பெயர் என்று ரவாங்கில் நன்றாகவே படித்திருந்தேன்.

கேண்டீனில் கூட வேலை செய்யும் மலாய்க்காரப் பெண்தான் சொன்னாள், நகரத்தில் தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கு வாடகையில் ஒரு பகுதியை அரசாங்கம் தருகிறது என்று. அவளுடைய மைத்துனிக்குக் கிடைத்திருந்ததாம். அன்றைக்கே மகளை உட்கார வைத்து விண்ணப்பம் போட்டேன். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, மகளின் பள்ளிக் கடிதம் எல்லாம் இருந்தன. வாடகை ஒப்பந்தம் என்ற இடத்தில் மட்டும் வைக்க ஒன்றுமில்லை. ஒப்பந்தம் இல்லாதவர்கள் வீட்டுச் சோதனைக்குக் காத்திருக்கவும் என்று போட்டிருந்தது. சரி, வரட்டும், வந்து பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அதிகாரி வந்தார். தலையில் முக்காடிட்ட சின்ன வயது மலாய்ப் பெண். நல்ல மாதிரி. மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். அக்காவுக்கு வீட்டுக்கு யாராவது வந்தால் போதும். நல்ல சேலை, நல்ல கோப்பை, தேநீர், முறுக்கு. நான் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து காலை ஆட்டினேன். அதிகாரி என்னைக் காட்டி, இவர் யார் என்று அக்காவிடம் கேட்டார்.

"அடேக் சாயா" என்றார் அக்கா. என் தங்கச்சி.

சொன்னதோடு விடாமல் என் தோளில் கையும் வைத்தார். எனக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது. அதை மறுக்க மனம் வரவில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பி, இங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். என் பதில் வாயிலிருந்து தானாக வந்தது. பெரியவர் வீட்டில், பெரியவர் முன்னால், அவர் கை என் தோளில் இருக்கும்போது, வேறு எப்படிச் சொல்ல?

"தும்பாங் சாஜா, மிஸ்."

சும்மா ஒண்டிக்கொண்டிருக்கிறேன் மிஸ், அவ்வளவுதான். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். முறுக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொன்று எடுத்துக்கொண்டார். போகும்போது அக்காவிடம், உங்களைப் போல் ஓர் அக்கா கிடைக்க இவர் கொடுத்துவைத்தவர் என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம்.

சில வாரம் கழித்துக் கைபேசிக்குச் செய்தி வந்தது. தகுதி இல்லை. காரணம் போடவில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாதிச் சம்பளம், வளர்கிற பெண், கணவன் இல்லை, இதற்கு மேல் தகுதிக்கு நான் என்ன செய்ய வேண்டும், காலை ஒடித்துக்கொள்ளவா? மறுநாள் வேலை இல்லாத நாள். காலையிலேயே அந்த அலுவலகத்துக்குப் போய்விட்டேன். எண் சீட்டு வாங்கிக்கொண்டு, நாற்காலிகளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையில் நடந்தேன். ஒரு சீன அங்கிள் நான் நடப்பதைப் பார்த்துத் தலை சுற்றுகிறது என்றார். அவரையும் ஒரு முறை முறைத்தேன். பாவம், அவர் என்ன செய்தார்.

என் எண் வந்தபோது கவுண்டரில் இருந்த தமிழ்த் தம்பி, திரையைப் பார்த்துப் படித்துக் காட்டினான். "அக்கா வீட்டுல தும்பாங்னு போட்டிருக்குக்கா. வாடகையே இல்லன்னா வாடகை உதவி எப்படிக் குடுப்பாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் பேசுகிற தும்பாங் வேறு, அவர்கள் எழுதுகிற தும்பாங் வேறு. எங்களுக்கு அது அடக்கமாக உட்காரும் விதம். அவர்களுக்கு அது வாடகையின் எதிர்ப்பதம். அக்கா தங்கச்சி என்று சொன்னதை எழுதியிருக்கிறார்கள், நான் தும்பாங் என்று சொன்னதை எழுதியிருக்கிறார்கள். எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை, ஒரு தப்பும் இல்லை. சொந்த அக்கா வீட்டில் இலவசமாக இருக்கும் ஒருத்திக்கு யார் பணம் கொடுப்பார்கள்? யாரையாவது திட்டிவிட்டு வரலாம் என்றுதான் போயிருந்தேன். திட்ட ஆளே கிடைக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

அந்தத் தம்பி வழி சொன்னான். ஒப்பந்தம் எழுதி, முத்திரை வரி கட்டி எடுத்து வர வேண்டும். ஏற்கெனவே உறவு என்று பதிவாகிவிட்டதால் வீட்டுக்காரரும் நேரில் வந்து, இவர் எனக்கு உறவில்லை, வாடகைக்கு இருக்கிறவர் என்று அதிகாரி முன்னால் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தமாவது, முத்திரையாவது, அதெல்லாம் ஒரு வேலையா? அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் வேலை. வீட்டுக்குப் போகாமல் பாலத்தடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். மேலே மோனோரயில் போனது, வந்தது. கடைசியில் முழங்கால் வலி தாங்காமல்தான் படி ஏறினேன்.

சொன்னேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் உன்ன வாடகைக்காரின்னு ஊரறிய சொல்லணும். அப்படித்தானே?"

ஊரறிய இல்லையக்கா, ஓர் அதிகாரி முன்னால் மட்டும் என்றேன். இத்தனை வருடம் ஒரே சட்டியில் சாப்பிட்டு, உடம்புக்கு முடியாதபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, கடைசியில் அரசாங்கத்திடம் போய் இவள் யாரோ எவளோ என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்டார். குரல் உயரவில்லை. அவர் கோபப்பட்டால் குரல் இறங்கும். எனக்கும் வந்தது கோபம். நீங்கள் தங்கச்சி என்று சொன்னதால்தான் வந்த வினை, வாய்க்கு இனிப்பாக இருந்தது, வயிற்றுக்குச் சோறு போடவில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்?

அதன்பின் அந்த வீட்டில் இரண்டு சமையல் நடந்தது. நான் போனால் அவர் அடுப்பை விட்டு நகர்வார். அவர் வந்தால் நான் நகர்வேன். மகள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் தட்டில் போட்ட சோற்றைப் பாதியில் மூடிவைத்ததைக் கண்டதும் எனக்கு ரவாங் ஞாபகம் வந்துவிட்டது. துணிகளைப் பைகளில் போடத் தொடங்கினேன். அண்ணனுக்குத் தொலைபேசியில் சொல்லவும் எண்ணைத் தேடினேன். கைதான் அழுத்த மறுத்தது.

அக்கா கதவருகே வந்து நின்று அந்தப் பைகளைப் பார்த்தார். மறுநாள் காலையில் ஞாயிறு பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்று ஞாயிறு இல்லை.

"வா. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

ஒப்பந்தத்தை மகள் கணினியில் தட்டினாள். முத்திரை வாங்க ஒரு நாள் அலைந்தேன். பிறகு இருவரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். ரயிலில் எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்தோம். வழக்கமாகப் பக்கத்தில் உட்காருவோம்.

வீட்டுக்கு வந்த அதே அதிகாரிதான் இருந்தார். ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார். அக்கா அவர் கேட்பதற்கு முன்னாலேயே, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல் மலாயில் சொன்னார், இவள் என் தங்கச்சி இல்லை, உறவே இல்லை, அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துச் சொன்னார். நான் காலை ஆட்டுவதை நிறுத்தியிருந்தேன்.

அதிகாரிக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. தீராதுதானே, அந்த முறுக்கையும் தோளில் கிடந்த கையையும் கண்ணால் பார்த்தவர். பேனாவை வைத்துவிட்டு, மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டார். அது வழக்கமான கேள்வியா, அவராகக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. ஆன்டி, இவர் நாளைக்குச் சேவா கட்டாவிட்டால் என்ன செய்வீர்கள்? சேவா என்றால் வாடகை. தமிழில் கேட்டால் ஏதோ தொண்டு மாதிரி இருக்கிறது.

அக்கா யோசிக்கவேயில்லை.

"ஹாலாவ்."

விரட்டிவிடுவேன். தோட்டத்தில் மேயும் மாட்டை விரட்டுவதற்கும் மலாயில் அதே சொல்தான். அவர் தயங்கியிருந்தால் எனக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்திருப்பேன். தயங்கவில்லை. செய்து பழகியவர் சொல்வதுபோல் சொன்னார். அதிகாரி தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

திரும்பி வரும்போது சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினோம். எனக்கு வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. கூட்டத்துக்கு நடுவில் நின்று கேட்டுவிட்டேன், நிஜமாகவே விரட்டியிருப்பீர்களா அக்கா என்று.

அவர் பெஞ்சைத் தேடி உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"உன்ன விரட்டியிருக்க மாட்டேன். என் தங்கச்சியத்தான் விரட்டினேன். சும்மா சொல்லல, நெசமா. அந்தப் பின்னறையிலேருந்து."

கணவர் இறந்த பிறகு தங்கச்சி வந்து கூட இருந்தாராம். கல்யாணம் ஆகாதவர், தையல் வேலை. கண் மங்கித் தையல் நின்றதும் வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது நின்றது. ஒரு நாள் ஏதோ ஒரு சின்னப் பேச்சு, யார் கடைசியாகச் சமையல் எரிவாயு வாங்கியது என்பது போன்ற பேச்சு. அதில் அக்கா, நீ இங்கே தும்பாங்தானே, உனக்கு எதற்கு வாய் என்று கேட்டிருக்கிறார். வெளியே போ என்றும் சொல்லியிருக்கிறார். தங்கச்சி அன்றைக்கே ஒரு பையோடு போய்விட்டார். கிள்ளானில் ஒரு கடைக்கு மேலே அறை. மீதிச் சாமான் அலமாரியில்.

"அந்த மிஸ் கேட்டதும் எனக்கு அவ ஞாபகம்தான் வந்துச்சு. வாய் தானா சொல்லிருச்சு."

காலை ஆட்டாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது அந்த வருடத்தில் அப்போதுதான். பிறகு அவர் கேட்டார், கிள்ளான் வண்டி எந்தப் பக்கம் நிற்கும் என்று. இத்தனை காலம் ரயில்வேக்காரர் மனைவியாக இருந்தவர், என்னிடம் கேட்டார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நடைமேடையில் விட்டேன். வண்டி கிளம்பிய பிறகுதான் எனக்கு அது தோன்றியது. தங்கச்சியைத் தேடித்தானே போகிறார். தங்கச்சி திரும்பி வந்தால் எந்த அறைக்கு வருவார்? அக்கா படுக்கும் முன்னறையை விட்டால் அந்த வீட்டில் பின்னறை ஒன்றுதான் இருக்கிறது. அந்த அறைக்காகத்தான் நான் இவ்வளவு ஆட்டமும் ஆடியிருக்கிறேன்.

அன்று அக்கா தனியாகத்தான் வந்தார். தங்கச்சி கதவைத் திறந்தார், உட்காரச் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரம் மீன் குழம்பு எடுத்துப் போனார். எங்கள் அடுப்பு மறுபடி ஒன்றாகியிருந்தது. அக்கா கிள்ளானுக்குப் போகும் நாளெல்லாம் நான் வீட்டுக்குள் கூண்டில் அடைத்த மாதிரி நடப்பேன். உதவி கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தபோதுகூட எனக்குத் துள்ளத் தோன்றவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஒரு வருடத்துக்கு அறை என்னுடையது என்று இருந்தது. முத்திரையைத் தடவிப் பார்த்தேன். கண் தெரியாத ஒரு கிழவிக்கு எதிராக ஒரு காகிதத்தைத் தடவிக்கொண்டிருக்கிறேனே என்று அழுகை வந்தது. ஆனாலும் காகிதத்தை உள்ளே வைக்கவில்லை. மகளுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் படியில் இரண்டு பேர் ஏறும் சத்தம் கேட்டது. ஒருவர் ஏறுவதற்கும் இருவர் ஏறுவதற்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்குமா, அத்தனை நாள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவளுக்கு? மகளிடம் புத்தகங்களை ஒதுக்கச் சொன்னேன். பிறகு ஒதுக்க வேண்டாம் என்றேன். பிறகு மறுபடி ஒதுக்கச் சொன்னேன். அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

கூடத்தில் பேச்சுக் குரல் கேட்டது. நாற்காலி இழுபட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு மெதுவாக, சுவரைத் தடவிக்கொண்டு ஒரு நடை எங்கள் அறைப் பக்கம் வந்தது. கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் திறந்த கதவின் பலகையில் ஓர் அம்மாள் விரல் முட்டியால் தட்டினார். அக்காவைப் போலவே முகம், இன்னும் ஒல்லி. தடித்த கண்ணாடி. கையில் ஒரு சின்னப் பை.

"உள்ள வரலாமா? அலமாரில ஒரு துணி எடுத்துக்கறேன்."

சொந்த வீட்டில், சொந்த அறை வாசலில் நின்று அந்த அம்மாள் என்னிடம் அனுமதி கேட்டார். அவசர அவசரமாகக் கட்டிலில் இருந்த துணிகளை ஒதுக்கினேன். அந்த நேரத்தில் ஒப்பந்தம், முத்திரை, கவுண்டரில் கேட்ட பாடம் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. பெரியவர் முன்னால் வாய் எப்படிப் போகுமோ அப்படியே போனது.

"வாங்க, வாங்க. உங்க அறைதானே. நாங்க இங்க சும்மா தும்பாங்தான்."

சமையலறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

"அவ ஒண்ணும் தும்பாங் இல்ல" என்று அங்கிருந்தே அக்கா குரல் கொடுத்தார். "வாடகை கட்டுறா. நீயும் தும்பாங் இல்ல, இது உன் வீடு. துணிய எடுத்துக்கிட்டு முன்னறைக்கு வா, என் கட்டில்ல எடம் இருக்கு."

மறுபடி நறுக்கத் தொடங்கினார். அந்த அம்மாள் இன்னும் வாசலிலேயே நின்றார், யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாதவர்போல. நான் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்தேன். பிறகு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.